தெருவாருக்கு ஒரு பொதுப் பழத்தோப்பு: காரைக்குடிப் பகுதியில் முதன்முறையாகத் தொடங்குவோருக்கான செய்முறை

செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பின்கட்டைத் தாண்டினால் மாவும் கொய்யாவும் நிற்கும். ஊரின் ஓரத்தில், ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கும் வாடகை வீடுகளில் ஓர் எலுமிச்சைக்குக்கூட இடமில்லை. அத்தகைய தெருவில் வாழ்வோர் சேர்ந்து பத்து சென்ட் நிலத்தில் தோப்பு வைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

கன்று வாங்குவதற்கு முன் தண்ணீருக்கும் அதை ஊற்றும் கைகளுக்கும் ஏற்பாடு செய்யுங்கள். நாங்கள் முதலில் ஐப்பசி மழையை நம்பிக் கன்று நட்டோம். மார்கழி வரை செழித்தவை, முறைவைத்து நீர் ஊற்ற ஆளில்லாமல் சித்திரையில் கருகின. பத்து சென்டில் 18 அடி இடைவெளியில் 12 கன்றுகள் வைக்கலாம். கோடையில் கன்றுக்கு வாரம் இருமுறை ஒரு குடம் என்றால் வாரத்துக்கு 24 குடம். ஆறு வீட்டார் பொறுப்பேற்றால் வீட்டுக்கு நான்கு குடம். இரண்டு கோடைக்கு இந்தப் பொறுப்பை ஏற்பவர்களின் பெயர்களை எழுதி வாங்கிய பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். கூரையில் விழும் மழையை வாய்க்கால் வழியே ஊருணியில் சேர்த்த ஊர் இது. அருகில் குடிநீருக்குப் பயன்படாத ஊருணி இருந்தால் அதன் கரையை ஒட்டிய இடமே சிறந்தது.

அடுத்தது நிலம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவுகளில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அவ்வாறு ஒப்படைக்கப்பட்டுச் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கும் இடம் உங்கள் பகுதியில் உள்ளதா என்று விசாரித்து, மாநகராட்சியிடமோ பேரூராட்சியிடமோ எழுத்து வடிவில் அனுமதி பெறுங்கள். வாய்மொழி இசைவை நம்பி மரம் வைக்காதீர்கள்.

மண்ணில்தான் அதிகக் கவனம் வேண்டும். இங்குள்ள செம்புறாங்கல் பூமி மேலே சிவந்த சரளையாகவும் கீழே கடப்பாரைக்கும் இளகாத கல்லாகவும் இருப்பதால், குழி சிறிதாக இருந்தால் வேர் தொட்டிக்குள் வளர்வதுபோல் சுற்றிச் சுற்றி முடங்கிவிடும். கொய்யாவுக்கு இரண்டடி, மாவுக்கு மூன்றடி நீள அகல ஆழத்தில் ஆடியிலேயே குழி வெட்டி ஆறப்போடுங்கள். பழைய வீடு இடித்த சுண்ணாம்புக் காரை கொட்டிய இடமாக இருந்தால் அதை முழுவதும் அள்ளி அகற்றுங்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை வெளுத்துவிடும். பிறகு மேல்மண்ணுடன் நன்கு மட்கிய தொழுவுரம் 10 கிலோவும் வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோவும் கலந்து குழியை நிரப்புங்கள். மட்காத சாணம் கரையானை அழைத்து வரும். மண் பரிசோதனை பற்றிய ஐயங்களுக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

கொய்யா, நெல்லி, சீத்தா, மாதுளை ஆகியவை இந்த வறட்சியைத் தாங்கும். நெல்லியில் ஒரே ரகத்தை மட்டும் வைத்தால் காய்ப்பு குறையும் என்பதால் இரண்டு ரகங்களைக் கலந்து நடுங்கள். மாவும் நாவலும் 30 அடி கேட்பவை. ஆசைக்கு ஒன்றை மூலையில் வைத்தால் போதும். புரட்டாசிக் கடைசியில் உறையைக் கிழித்து, வேர்மண் உடையாமல், ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுப் போட்ட பகுதி மண்ணுக்கு மேலே தெரியுமாறு நட்டுக் குச்சி கட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும்.

ஆடுகளைத் தடுக்க முதலாண்டு முள்வேலி போட்டு, அதன் ஓரத்திலேயே பின்னாளில் உயிர்வேலியாக வளரும் கிளுவைப் போத்துகளை (நடுவதற்கு வெட்டிய கிளைகளை) நடுங்கள். பாத்தியில் ஈரம் காயாதிருக்கச் சருகைப் பரப்பி மூடாக்கு இடுங்கள்.

கொய்யா இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். பொது இடத்துப் புளியமரத்தை ஏலம் விடுவது போல இதை ஏலம் விடாதீர்கள். விட்டால் பழம் தெருவை விட்டே போய்விடும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று பறித்ததை நீர் ஊற்றிய வீடு, ஊற்றாத வீடு என்று பிரிக்காமல் எல்லா வீட்டுக்கும் கொடுங்கள். கொய்யா புதுத்தளிரில்தான் பூக்கும். ஆகவே ஒவ்வொரு காய்ப்பும் முடிந்ததும் கிளை நுனிகளை வெட்டிக் கவாத்து செய்து வந்தால், அடுத்த பழங்கள் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்திலேயே கிடைக்கும்.