ஆளுக்கு ஓர் உறுப்பினர் அட்டை போதும்

புதிய ஊரில் குடியேறி நண்பர்களோடு அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா, கோளரங்கம் என்று சுற்றப்போகிறீர்களா? எல்லோரும் எல்லா இடத்துக்கும் டிக்கெட் எடுக்காதீர்கள். ஆளுக்கு ஓர் இடத்தில் ஆண்டு உறுப்பினர் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

பல இடங்களில் உறுப்பினருடன் வருபவர் ஒருவருக்கும் அனுமதி தரும் அட்டை கிடைக்கும். அதனால் உங்கள் அட்டையில் நண்பரும், அவருடைய அட்டையில் நீங்களும் ஆண்டு முழுக்கப் போய்வரலாம். பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று: டிக்கெட் எடுத்தால் கால் கடுக்க எல்லாக் கூடத்தையும் பார்த்துத் தீர்க்கத் தோன்றும், அட்டை இருந்தால் மாலையில் ஒரு மணி நேரம் நாணயக் கூடத்தை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு வரலாம். ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? வெளியேறும் முன் கவுன்ட்டரில் கேளுங்கள். அன்றைய டிக்கெட் தொகையை உறுப்பினர் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு.

அட்டைக்குரியவர் கூடவே வர வேண்டும் என்பது பொதுவான விதி. இரவல் கொடுக்க முடியாது. ஓரிரு மாதங்களில் ஊர் மாறுபவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போல நிரந்தரக் காட்சிக்கூடங்களை இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் இடங்களில், கட்டணம் உள்ள சிறப்புக் கண்காட்சிகளுக்கு அடிக்கடி போவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.