புயலுக்குப் பின் பூங்காக் கணக்கு: புதியவர்கள் இடறும் இடங்கள்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் புயல் சேதத்துக்கு எஸ்டிமேட் போடுவது என் வேலை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் நீட்டிய தாளைப் பார்த்ததும் பகீரென்றது. நான் வேலைக்கு வந்த புதிதில் எழுதிய அதே வரி! கூட்டல் பிழை, தேதிப் பிழை எல்லாம் மேலே இருப்பவர்கள் திருத்திவிடுவார்கள், அவற்றை விடுகிறேன்.

'அதே இடத்தில், அதே அளவில் மாற்றவும்'

அந்த வரி இதுதான். மலைச்சாலை ஒன்றின் அடியில் 24 அங்குலக் கல்வெர்ட், அதாவது ஓடைத் தண்ணீர் சாலையைக் கடந்து போகும் குழாய். வெள்ளத்தில் வேரோடு வந்த மரம் அதன் வாயில் செருகிக்கொண்டது. போக வழியில்லாத தண்ணீர் சாலை மேல் ஏறி, மறுபக்கத்து மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. நான் போனபோது குழாய் நசுங்கிய தகர டப்பா மாதிரி அந்தரத்தில் தொங்கியது.

பெரிய குழாய் கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். அதே அளவு என்றால் சட்டென்று கையெழுத்தாகிவிடும். சோம்பலில் அதையே எழுதினேன். இரண்டாவது குளிர்காலத்தில் அதே இடம், அதே குழாய், வேறொரு மரம். இந்த முறை வந்தது பேரிடர் என்று சொல்லும்படியான மழைகூட இல்லை. செலவு முழுக்கப் பூங்காவின் பராமரிப்புப் பணத்தில் விழுந்தது. அந்த வருடம் போட வேண்டிய கழிவறைக் கூரை அப்படியே நின்றது.

பூங்காச் சாலைகளுக்கான மத்திய அவசர நிதி, இருந்ததை மீட்கத்தான் பொதுவாகப் பணம் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால், நாளடைவில் அது செலவை மிச்சப்படுத்தும் என்று காட்ட வேண்டும். காட்டலாமே! ஓடையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். வெள்ளம் ஏறிய உயரத்தில் கரையில் குப்பை ஒரு கோடாகக் கிடக்கும், அதைப் படமெடுங்கள். முன்பு எத்தனை தடவை உடைந்தது என்று பழைய ஃபைலைப் புரட்டுங்கள். அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

சில இடங்களில் திரும்பக் கட்டாமல் விடுவதே சரி. 2006 நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்து மவுண்ட் ரெய்னியர் தேசியப் பூங்காவில் 36 மணி நேரத்தில் ஏறக்குறைய 18 அங்குல மழை கொட்டி, பூங்கா ஆறு மாதம் மூடிக் கிடந்தது. சன்ஷைன் பாயிண்ட் முகாமைத் திரும்பக் கட்டவே இல்லை. கார்பன் ரிவர் சாலை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று ஆகிவிட்டது.

பழைய பள்ளத்தைப் புயல் தலையில் கட்டுவது

மாட்டிக்கொள்வீர்கள்.

காப்பீட்டை நம்புவது

பொதுவாக அமெரிக்க அரசு தன் கட்டடங்களுக்குக் காப்பீடு எடுப்பதே இல்லை.

நுழைவுக் கட்டணம் இருக்கிறதே என்பது

2004 சட்டப்படி வசூலில் பொதுவாக 80 சதவீதம் அந்தந்தப் பூங்காவுக்கே. சரி, பூங்காவை மூடிவிட்டால் வசூல் எங்கே?

பணம் உடனே வரும் என்று இருப்பது

சாண்டி புயல் அடித்தது 2012 அக்டோபர் இறுதியில். சிறப்பு நிதிச் சட்டம் கையெழுத்தானது 2013 ஜனவரி 29. அதுவே வேகம்தான்! அதுவரை மரம் அறுத்த கூலி, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் வேறு வேலைக்கு வைத்த பணத்தில்தான் ஓடும். எந்தப் பணத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதை ரசீதின் பின்பக்கத்தில் அன்றைக்கே எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்பார்கள், அப்போது ஒன்றும் ஞாபகம் இருக்காது.