பழைய எஃப் 1.4 லென்ஸில் வீட்டுக்குள் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃப் 1.4 (லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது) கையில் இருக்கிறதே என்று எந்நேரமும் முழுசாகத் திறந்து வைப்பதில்தான் பாதிப் படங்கள் வீணாகின்றன. பென்டாக்ஸின் பழைய சூப்பர் டகுமார் 50 மி.மீ. லென்ஸை ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) மிரர்லெஸ் கேமராவில் மாட்டி, ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரை எஃப் 1.4-இல் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய மூன்றரை செ.மீ.தான். அவர் பேச்சுவாக்கில் லேசாகச் சாய்ந்தாலே கண் மங்கி, காது தெளிந்துவிடும். எஃப் 2-க்கு வந்தால் ஆழம் ஐந்து செ.மீ.யை நெருங்கும், பழைய லென்ஸ்களில் வெளிச்சப் பகுதிகளைச் சுற்றிப் படரும் மங்கலும் குறையும். இழப்பு ஒரு ஸ்டாப் ஒளி, அதாவது பாதி வெளிச்சம். அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) 1600-இலிருந்து 3200 ஆக்கிவிடுங்கள். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு கணினியில் ஏற்றினால் நிழல்களில் புள்ளி மொய்க்கும்.

ஃபோகஸ் பீக்கிங்கை (தெளிவான விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதியை) இந்த அளவு திறப்பில் நம்பக் கூடாது. இமை, மூக்கு எல்லாமே ஒன்றாக மின்னும். காட்சியைப் பெரிதாக்கி, கருவிழியின் ஓரத்தில் ஃபோகஸ் வையுங்கள். எஃப் 2-இல் எடுக்கப்போகிறீர்கள் என்றால் எஃப் 2-இலேயே ஃபோகஸ் செய்யுங்கள். திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு மூடினால் ஃபோகஸ் கொஞ்சம் நகர்ந்துவிடக்கூடும். மூன்று நான்கு படங்களைத் தொடர்ந்து தட்டுவது வெட்கப்படும் விஷயமல்ல.

வளையத்தைத் திருப்பியும் அப்பர்ச்சர் மூடவில்லையா? லென்ஸ் பக்கவாட்டிலுள்ள சுவிட்ச் ஆட்டோவில் இருக்கும். இந்தத் திருகு லென்ஸைக் கேமராவில் மாட்ட உதவும் எம்42 அடாப்டர், லென்ஸின் பின்புறமுள்ள சிறு ஊசியை (பின்) அழுத்தாத வகை என்றால், மேனுவலுக்குத் தள்ளினால்தான் இதழ்கள் மூடும்.

50 மி.மீ.க்கு 1/50 நொடி ஷட்டர் வேகம் போதும் என்ற கணக்கு கை நடுக்கத்துக்கு மட்டும்; ஆள் அசைவதற்கு 1/125 வேண்டும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ட்யூப்லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் பட்டை விழுந்தால் 1/100-க்கு இறங்கி, மெக்கானிக்கல் ஷட்டரைப் பயன்படுத்துங்கள். பழைய லென்ஸ் தன் குவிய தூரத்தைக் கேமராவுக்குச் சொல்லாது என்பதால், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசருக்கு 50 என்று நாமே சொல்ல வேண்டும். சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமரா என்றாலும் 50தான், 75 அல்ல.

இந்த லென்ஸின் ஏழு கண்ணாடி வில்லைகள் கொண்ட வகையில் கண்ணாடியில் தோரியம் (கதிரியக்கத் தனிமம்) கலந்திருப்பதால் நாளடைவில் மஞ்சளிக்கும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை (கேமரா தானே நிறத்தைச் சமன்செய்வதை) விட்டுவிட்டு, அறையிலேயே சாம்பல் அட்டையை வைத்துச் சரிசெய்யுங்கள். யூவி எல்இடி விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் மஞ்சள் பெருமளவு வெளுக்கும்.

முன்னால் மாட்டிய மலிவு ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். ஃபிரேமுக்குள் எரியும் பல்பு ஒன்று இருந்தால் அதன் பேய்ப்பிம்பம் எதிர்மூலையில் வந்து நிற்கும். 49 மி.மீ. ஹூட் (லென்ஸ் முன் மாட்டும் மறைப்பு வளையம்) ஒன்று வாங்கிக்கொண்டால் ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் விளக்குகளின் தொல்லையும் குறையும்.