இதயத்துக்கு யார் போய்ச் சொன்னது? பிசியாலஜி (உடலியங்கியல்) பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கு

பிப்ரவரியில் முதலாண்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: மாடிப்படி ஏறினால் இதயம் ஏன் வேகமாகத் துடிக்கிறது? அநேகமாக எல்லாரும் எழுதுவது, "தசைகளுக்கு அதிக ஆக்ஸிஜன் தேவைப்படுவதால்." இந்தப் பதிலுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. தேவை தசைக்கு, துடிப்பது இதயம். தசையின் தேவையை இதயத்துக்கு யார் போய்ச் சொன்னது?

மூளையின் இயக்கப் பகுதி கால் தசைக்கு ஆணை அனுப்பும்போதே மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளத்துக்கும் ஒரு சேதி போய்விடுகிறது. இதயத்தை அதுவரை அடக்கி வைத்திருந்த வேகஸ் நரம்பின் பிடி தளர்கிறது. அதனால்தான் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு துளிகூடக் குறையாதபோதே, முதல் இரண்டு படியிலேயே துடிப்பு ஏறிவிடுகிறது. இதயத்தை முடுக்கிவிடும் சிம்பதெட்டிக் நரம்புகளும் அட்ரினலினும் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்துகொள்கின்றன. இதுதான் பதில். பிசியாலஜி பாடத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டால் நான் சொல்வதும் இதுதான்: 'எதற்காக' என்று நிறுத்தாமல் 'யார் சொல்லி, யார் கேட்டு, எது நகர்ந்தது' என்று கேளுங்கள்.

நான் காரைக்குடியில் விலங்கியல் படித்துவிட்டுக் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு மறுபடி கல்லூரியில் சேர்ந்து பிசியாலஜி படித்தேன். இப்போது நர்சிங், பிசியோதெரபி, பார்மசி மாணவர்களுக்கு டட் (சிறு குழு வகுப்பு) எடுக்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள் என்னை ஆன்ட்டி என்பார்கள். தமிழ்க் குடும்பங்களில் யாராவது மகனையோ மகளையோ இந்தப் பாடத்தில் சேர்க்கும்போது என்னிடம் விசாரிக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

முதல் இரண்டு வாரத்தை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். செல் சவ்வு, பரவல், சவ்வூடு பரவல், சவ்வு மின்னழுத்தம் என்று பாடம் ஆரம்பிக்கும். "இது மெட்ரிக்கிலேயே படித்ததுதானே" என்று பாதிப் பேர் பின்பெஞ்சில் போனைத் தடவுவார்கள். ஏப்ரலில் நரம்பு, தசை, இதயம் என்று எதை எடுத்தாலும் இந்த இரண்டு வாரம்தான் திரும்பத் திரும்ப வரும். குறைந்தது இவ்வளவு மனதில் இருக்கட்டும்: பொட்டாசியம் செல்லுக்குள் லிட்டருக்கு சுமார் 140 மில்லிமோல், வெளியே 4. சோடியம் நேர் தலைகீழ், வெளியே 140, உள்ளே 10 முதல் 15. சோடியம் பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. நரம்பு செல்லின் ஓய்வு மின்னழுத்தம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். இவை தெரிந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் 7-க்குப் போன நோயாளியைப் பார்த்து டாக்டர் ஏன் பதறுகிறார் என்பது உங்களுக்கே புரியும்.

அனாட்டமி அதே செமஸ்டரில் இருந்தால் இரண்டையும் ஒரே மாதிரி படிக்கக் கூடாது. அனாட்டமிக்கு மனப்பாடம் உதவும். இங்கே பெயர் தெரிந்தால் பாதிக் கிணறுகூடத் தாண்டியதாகாது. கலர் பேனாவால் புத்தகம் முழுக்கக் கோடு போடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, மனதுக்குச் சுகமாக இருக்கிறது என்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டில் செய்ய வேண்டியது அம்புக்குறிச் சங்கிலி. ஒன்றை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். தைப்பூசத்துக்கு இங்கே கிளேர்வுட் கோயிலில் காவடி எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். டர்பனில் அது உச்சக் கோடை, வியர்வை ஆறாக ஓடும். விரதம் இருந்து மெலிந்த உடம்பு. காவடியோடு நடந்து ஆடி வருகிறவர் நன்றாகத்தான் வருவார். வரிசையில் நிற்க வேண்டி வரும்போதுதான் யாராவது சாய்வார்கள். ஏன்?

நிற்கிறார் → கால் சிரைகளில் ரத்தம் தேங்குகிறது → இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது → ஒரு துடிப்புக்கு வெளியேறும் அளவு குறைகிறது → தமனி அழுத்தம் இறங்குகிறது → கழுத்தின் கரோட்டிட் சைனஸிலும் மகாதமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் அனுப்பும் சிக்னல் குறைகிறது → முகுளம் வேகஸை அடக்கி, சிம்பதெட்டிக்கை ஏற்றுகிறது → இதயம் வேகமாகிறது, சிறு தமனிகள் சுருங்குகின்றன → அழுத்தம் மீள்கிறது.

வெயிலில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, வியர்வையால் ரத்தத்தின் கன அளவும் குறைந்திருப்பதால் இந்த ஏற்பாடு சிலருக்குப் போதாமல் போகிறது. மூளைக்கு ரத்தம் குறைகிறது, ஆள் சாய்கிறார். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. நின்றதும் அந்த உதவி போச்சு. விழுந்தவரைத் தூக்கி நிறுத்தப் போகிறவர்களைத் தடுத்து, படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள் என்று சொல்வதற்கான காரணமும் இதே சங்கிலியில்தான் இருக்கிறது.

சங்கிலியில் ஐந்தாவது அம்புக்குறியைக் கவனியுங்கள். அழுத்தம் குறைந்தால் அழுத்த உணர்விகள் 'தூண்டப்படுகின்றன' என்று வருஷா வருஷம் எழுதுகிறார்கள். அவை இழுவிசையை உணர்பவை. அழுத்தம் ஏறினால்தான் அதிக சிக்னல் அனுப்பும், இறங்கினால் அடங்கும். அந்த மௌனம்தான் முகுளத்துக்குச் சேதி. இந்த ஒரு இடத்தில் கோட்டை விடாதவர்களை விடைத்தாளிலேயே அடையாளம் கண்டுவிடலாம்.

சங்கிலி சரியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு: நடுவில் ஒரு கண்ணியை வெட்டிவிட்டு, என்ன ஆகும் என்று கேட்பது. இதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்டு உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தார். நோயாளி லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள் இருந்தார். அது கிடக்கட்டும், நாம் கேட்க வேண்டியது வேறு. மாற்றிப் பொருத்திய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்துபோயிருக்கும். வேகஸ் இல்லை, சிம்பதெட்டிக்கும் இல்லை. அப்படியானால் அது எந்த வேகத்தில் துடிக்கும்? படி ஏறினால் என்ன ஆகும்?

பேனாவை எடுத்துக்கொண்டு யோசியுங்கள். இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவுக்குச் சொந்தமாகவே நிமிஷத்துக்கு சுமார் 100 துடிப்பு வேகம் உண்டு. அதை 70-க்கு இழுத்து வைத்திருப்பது வேகஸ். வேகஸ் போனால் ஓய்விலேயே 90, 100 என்று துடிக்கும். படி ஏறும்போது உடனே ஏறாது. அட்ரினல் சுரப்பி விடும் அட்ரினலின் ரத்தத்தில் மிதந்து வந்து சேர வேண்டும். சில நிமிஷம் கழித்து மெதுவாக ஏறும், உட்கார்ந்த பிறகும் சட்டென்று இறங்காது. இதைச் சொல்லிக் கொடுக்காமல் நீங்களே வரவழைத்துவிட்டால் இதயப் பாடம் உங்களுக்கு வந்துவிட்டது.

அடுத்தது அலகுகள், அதாவது யூனிட். ஊரிலிருந்து பெரியம்மா போன் பண்ணி "எனக்கு சுகர் 180" என்பார். இங்கே கிளினிக்கில் மாமியாருக்கு "10" என்று எழுதிக் கொடுப்பார்கள். மாமியார், "பரவாயில்லை, அவங்களுக்குத்தான் ரொம்ப அதிகம்" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவார். இரண்டும் ஒன்றுதான். ஊரில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இங்கே லிட்டருக்கு மில்லிமோல், 18-ஆல் வகுத்தால் வந்துவிடும். அந்த 18 குளுக்கோஸுக்கு மட்டும்தான், கொலஸ்ட்ராலுக்கு 38.7. தமிழ்நாட்டுப் புத்தகத்தையோ அமெரிக்க வீடியோவையோ வைத்துப் படித்தால் இந்த மாற்றத்தைக் கையோடு செய்துகொள்ளுங்கள். ரத்த வாயு அழுத்தத்தையும் இங்கே கிலோபாஸ்கலில் கேட்பார்கள்: 1 கிலோபாஸ்கல் என்பது 7.5 மில்லிமீட்டர் பாதரசம்.

அந்த 10 மில்லிமோலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஏறக்குறைய அந்த அளவைத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது. சிறுநீரகம் 'வேண்டாம்' என்று முடிவு செய்து தள்ளுவதில்லை. வடிகட்டிய குளுக்கோஸைத் திரும்ப எடுக்கும் கடத்திகள் எல்லாம் நிறைந்துவிட்டன, மிச்சம் வழிகிறது, அவ்வளவுதான். குழாய்களுக்குள் நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டப்பட்டு, ஒன்றரை லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது என்ற கணக்கோடு சேர்த்து இதை யோசியுங்கள்.

பிராக்கை, அதாவது செய்முறை வகுப்பை, விடுமுறை மாதிரி எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்காத விஷயம் இது. ரத்த அழுத்தம் பார்க்கும் பிராக்கையே எடுத்துக்கொள்வோம். பட்டையைக் கட்டி, மணிக்கட்டு நாடியில் விரல் வைத்துக் காற்றடிக்க வேண்டும். நாடி மறைந்த பிறகு இன்னும் 20, 30 மில்லிமீட்டர் பாதரசம் ஏற்றிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்து, விநாடிக்கு 2, 3 வீதம் காற்றை இறக்க வேண்டும். முதல் 'டக்' சத்தம் சிஸ்டாலிக், சத்தம் மறைவது டயஸ்டாலிக். பட்டை பாதி அடைத்திருக்கும்போது தமனிக்குள் ரத்தம் சுழித்துப் பாய்வதுதான் சத்தம். முழுதாகத் திறந்தால் ஓட்டம் சீராகிச் சத்தம் போய்விடுகிறது. இது முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கையை இதயத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கவிட்டு மறுபடி பாருங்கள், 7 அல்லது 8 கூடக் காட்டும். அந்த உயரத்து ரத்தத்தின் எடைதான் அது. ஐஸ் தண்ணீரில் மற்றொரு கையை வைத்துப் பாருங்கள், இன்னும் ஏறும். யார் சொல்லி ஏறியது என்று பக்கத்தில் நிற்கும் தோழியிடம் விளக்குங்கள். உங்கள் தோழி ஸூலு பேசுகிறவர், நீங்கள் தமிழ் வீடு, இருவருக்கும் பாடம் ஆங்கிலத்தில் என்றால் இன்னும் நல்லது. கலைச்சொல்லை ஒப்பித்துத் தப்பிக்க முடியாது, எளிய பேச்சில் விளக்கியே ஆக வேண்டும்.

லெக்சர் ஸ்லைடில் இல்லாத கேள்விகளை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள். டர்பனில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பஞ்சமே இல்லை. கடைக்குப் போய்க் 'குவார்ட்டர் மட்டன்' பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய கறிக்குழம்பு, சாப்பிடுகிறீர்கள். கால் ரொட்டியின் மாவுச்சத்தும் கறியின் கொழுப்பும் ஒன்றாக உள்ளே போகின்றன. கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் இரைப்பை ஏன் மெதுவாகக் காலியாகிறது, அந்தச் சேதியை எந்த ஹார்மோன் கொண்டுபோனது, இன்சுலின் வந்ததும் தசை செல்லில் எந்தக் கடத்தி சவ்வுக்கு ஏறி வருகிறது என்று எழுதிப் பாருங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் போகிறீர்களா? கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர். காற்றழுத்தம் இங்கே 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் அங்கே ஏறக்குறைய 620. மூச்சுக்குழாயின் நீராவிக்கு 47 கழித்து, காற்றில் ஆக்ஸிஜனின் பங்கான 0.21-ஆல் பெருக்குங்கள். இங்கே 150, அங்கே 120. இவ்வளவு குறைந்தும் ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் செறிவு ஏன் கொஞ்சம்தான் குறைகிறது என்பதற்கு அந்த எஸ் வடிவ வளைகோட்டை வரைந்து பதில் சொல்லுங்கள். மேல் பகுதி தட்டையானது என்று வெறுமனே எழுதாமல், ஆக்ஸிஜன் அழுத்தம் 100-ல் செறிவு 97 சதவீதம், 60-ல் 90, 40-ல் 75 என்று புள்ளி வைத்து வரையுங்கள். அப்புறம், மாதக்கணக்கில் அங்கேயே இருப்பவருக்கு ரத்தச் சிவப்பணு கூடுகிறதே, எலும்பு மஜ்ஜைக்கு யார் சொன்னது? நுரையீரல் என்று எழுதாதீர்கள். சிறுநீரகம் சொன்னது, எரித்ரோபொய்ட்டின் மூலமாக.

காம்ரேட்ஸ் மாரத்தானை விட்டுவிட்டால் டர்பன்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். 1921-ல் தொடங்கியது, டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நீண்ட ஓட்டங்களில் சிலர் விழுவது தண்ணீர் குறைந்தல்ல, அளவுக்கு மீறிக் குடித்ததால் என்பதை விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸும் அவருடன் இருந்தவர்களும் 1985-ல் எழுதினார்கள். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. உப்பு வியர்வையில் போனதைவிடத் தண்ணீர் தங்கியதுதான் முக்கியக் காரணம். சாதாரணமாக அதிகம் குடித்தால், சிறுநீரைக் குறைக்கும் ஏடிஎச் ஹார்மோன் அடங்கி, சிறுநீர் கொட்டும். நீண்ட கடும் ஓட்டத்தில் அது அடங்காமலே இருந்துவிடுகிறது. சிறுநீரகம் தண்ணீரை விடுவதில்லை, ரத்தம் நீர்த்துப்போகிறது, தண்ணீர் செல்களுக்குள் நுழைகிறது, மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லாத மூளை திண்டாடுகிறது. முதல் வாரத்துச் சவ்வூடு பரவல் இங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

தேர்வு பற்றி. 'விளக்குக' என்று கேட்டால் அம்புக்குறிகளை வாக்கியமாக்கி எழுதுங்கள், ஒரு கண்ணியையும் தாண்டாமல். 'இருவரில் யாருக்கு அதிகம்' என்று கேட்டால் முதல் வரியிலேயே பதிலைச் சொல்லிவிட்டுக் காரணத்துக்குப் போங்கள். கணக்கில் யூனிட் எழுதாத விடைக்கு நான் அரை மதிப்பெண்தான் போடுவேன், மற்றவர்கள் அதுவும் போடமாட்டார்கள். இதயம் நிமிஷத்துக்கு 70 தடவை, தடவைக்கு 70 மில்லிலிட்டர் என்றால் 4.9 லிட்டர் என்பதுபோல, வந்த விடை உடம்புக்குப் பொருந்துகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 49 லிட்டர் என்று எழுதிவிட்டுச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தவர்களும் உண்டு.

கடைசியாக, டி.பி. (Duly Performed), அதாவது இறுதித் தேர்வு எழுதும் தகுதி. இங்குள்ள பல்கலைக்கழகங்களில் பிராக், டட் வருகையும் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணும் போதாவிட்டால் இறுதித் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். எவ்வளவு வேண்டும் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், முதல் நாள் தரும் மாட்யூல் கையேட்டில் இருக்கும். உடம்பு சரியில்லாமல் பிராக்குக்கு வரமுடியாவிட்டால் டாக்டர் சீட்டை அந்த வாரமே கொண்டுவந்து கொடுங்கள், கொடுத்ததற்கு ஒரு கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸுக்கு 50. கொஞ்சத்தில் தவறினால் சப் தேர்வு, அதாவது துணைத் தேர்வு, கிடைக்கலாம். அதனால் முடிவு வருகிற வாரத்தில் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள்.