பெங்களூரில் குடியிருந்துகொண்டே பெங்களூரைப் பார்ப்பது எப்படி

பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஏழெட்டு வருடம் ஆன நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று. லால்பாக், கப்பன் பார்க், அப்புறம் ஏதோ ஒரு மால். "பழசையெல்லாம்தான் இடிச்சுட்டாங்களே" என்ற பெருமூச்சும் கூடவே வரும். பொய்யில்லை. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம் நிற்பது சம்பங்கி ஏரிக்குள். ஆனால் அந்த ஸ்டேடியம் பக்கத்தில் ஒரு சின்னக் குளத்தை மட்டும் மூடாமல் விட்டு வைத்திருக்கிறார்கள். கரகத் திருவிழாவின் சடங்குக்கு வருடா வருடம் அங்கே தண்ணீர் வேண்டும், அதற்காக. ஏரியே போன பிறகும் சடங்கு அந்த இடத்தை விடவில்லை.

இந்த ஊரில் பழசைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கட்டடம் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகும், தேதி போகாது. அதனால் எங்கே போவது என்று யோசிக்கும் முன்னால் என்றைக்குப் போவது என்று பாருங்கள்.

முதல் வேலையாக ஒரு கன்னட நாட்காட்டி வாங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. கரகம் சைத்ர பௌர்ணமி இரவில் நடக்கும் என்று கேள்விப்பட்டு, சைத்ரம் என்றால் சித்திரைதானே என்று 2023-ல் நம் சித்திரா பௌர்ணமி அன்று, மே 5-ம் தேதி ராத்திரி, நண்பனையும் இழுத்துக்கொண்டு போய் நின்றேன். தெருவில் இரண்டு நாய்களும் ஒரு கூர்க்காவும்தான். கரகம் ஏப்ரல் 6-ம் தேதியே முடிந்திருந்தது. கன்னடத்தில் மாதக் கணக்கு சந்திரனை வைத்து, யுகாதியிலிருந்து ஆரம்பிக்கிறது. நம்முடையது சூரியனை வைத்து. சில வருடம் இரண்டும் சேர்ந்து வரும் (2024-ல் ஏப்ரல் 23 அன்று அப்படித்தான் வந்தது, அந்த வருடம் ஒழுங்காகப் பார்த்துவிட்டேன்), சில வருடம் ஒரு மாதம் தள்ளிப் போகும்.

கரகத்துக்குப் போவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். இடம் நகர்த்பேட்டை பக்கத்திலுள்ள தர்மராய சுவாமி கோயில். தெய்வம் திரௌபதி. விழாவை நடத்துகிறவர்கள் தோட்ட வேலைக்குப் பேர்போன திகளர் சமூகத்தார். கூத்தும் தீமிதியும் பார்த்து வளர்ந்த வட தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த அம்மன்தான் என்று போனதுமே புரிந்துவிடும். கரகம் எடுப்பவர் ஆண்தான், ஆனால் பெண் கோலத்தில், வளையலும் குங்குமமுமாக, மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். வழியில் காட்டன்பேட்டையில் உள்ள தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் கரகம் போய் வரும். அந்த இடத்தில் நின்று பார்க்க முடிந்தால் விடாதீர்கள்.

நடைமுறை விஷயம்: எட்டு மணிக்கே போய் நிற்காதீர்கள். கரகம் கோயிலை விட்டுக் கிளம்ப நள்ளிரவு தாண்டிவிடும், அதன் பிறகும் தாமதமாகலாம். மாலையில் தூங்கிவிட்டுப் போங்கள். மறுநாள் லீவு சொல்லிவிடுங்கள். செருப்பு மிதிபட்டால் அறுந்துவிடும், ஷூ போடுங்கள். கோயில் வாசலில் முண்டியடிப்பதைவிட இரண்டு தெரு தள்ளி ஏதாவது கடைப்படியில் உட்கார்ந்துவிடுவது உத்தமம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் "கரக எஷ்டொத்திகே ஹொரடுத்தே?" என்று கேளுங்கள், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று. மணி சொல்லமாட்டார், அவர் சின்ன வயதில் பார்த்த கரகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். அதற்குத்தானே போனது?

அடுத்தது கடலைக்காய் பரிஷே, அதாவது வேர்க்கடலைத் திருவிழாச் சந்தை. இது கார்த்திக மாதக் கடைசித் திங்கட்கிழமை, மறுபடியும் அவர்கள் கணக்குப்படி. சில வருடம் நம் கார்த்திகை பிறக்கும்போதே அங்கே முடிந்துகொண்டிருக்கும். பசவனகுடி தொட்ட பசவண்ணர் கோயில் தெருவில் வேர்க்கடலையை மலை மலையாகக் குவித்திருப்பார்கள். தினமும் ராத்திரி ஒரு காளை வந்து வயலில் கடலையைத் தின்றுவிட்டுப் போனதாம், அதைச் சமாதானப்படுத்த முதல் விளைச்சலைக் கொண்டுவந்து படைத்தார்களாம். தமிழ்நாட்டிலிருந்தும் மூட்டையோடு வியாபாரிகள் வருவார்கள், பேரம் தமிழிலேயே முடிந்துவிடும். திங்கட்கிழமை கூட்டத்தில் நெரிபட வேண்டாம் என்றால் முந்தின நாள் போங்கள். பச்சைக்கடலை, வறுத்தது, அவித்தது என்று மூன்றையும் வாங்குங்கள், வேறு அறிவுரை இல்லை.

மகர சங்கராந்தி மாலையில் கவிபுரம் குகைக் கோயிலில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே வெயில் நுழைந்து லிங்கத்தின் மேல் விழும். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அன்றைய வரிசையைப் பார்த்தால் டிவியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சாதாரண நாளில் காலையில் போய்க் குகையை நிதானமாகப் பாருங்கள்.

ராம நவமிக்கு எந்தப் பழைய பேட்டைத் தெருவில் நடந்தாலும் பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் கையில் திணித்துவிடுவார்கள். சாமராஜபேட்டையில் கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் நடக்கும் ராம நவமிக் கச்சேரிகள் 1939-ல் ஆரம்பித்தவை. பந்தலுக்கு வெளியே நின்று கேட்பவர்கள்தான் நல்ல ரசிகர்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து.

தேதியே வேண்டாம், சும்மா ஒரு காலை நேரம் இருக்கிறது என்றால் பேட்டைக்குப் போங்கள். 1537-ல் கெம்பேகௌடர் ஊரை அமைத்தபோது போட்ட தெருக்கள்தான் இன்றைக்கும் அங்கே ஓடுகின்றன. பச்சை வழி மெட்ரோவில் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்குங்கள். ஞாயிறு முதல் ரயில் தாமதமாகத்தான் வரும், அதனால் சனிக்கிழமை நல்லது. விடியற்காலைப் பூ வியாபாரத்தைப் பாருங்கள், பூவை "மொள" கணக்கில் விற்பார்கள், நம் முழம்தான். அங்கிருந்து நடந்தே சிக்பேட்டை, பளேபேட்டை, அக்கிபேட்டை, அரளேபேட்டை. பெயரே தொழிலைச் சொல்லும்: பளே என்றால் வளையல், அக்கி என்றால் அரிசி, அரளே என்றால் பருத்தி. கடை திறக்கும் முன்னால் போவதில் ஒரு லாபம், கீழே ஷட்டர் மூடியிருக்கும்போதுதான் கண் மாடிக்குப் போகும், மரத்தூணும் பழைய சன்னலும் தெரியும். திரும்பும் வழியில் கோட்டையின் மிச்சத்தையும், 1791-ல் கட்டி முடித்த திப்புவின் தேக்குமர மாளிகையையும் பார்த்துவிடலாம், இரண்டும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும்.

சாப்பாடு விஷயத்தில் பிரபலமான தோசைக் கடை வரிசையில் நிற்பது உங்கள் இஷ்டம், நான் நிற்பதில்லை. குளிர் மாதங்களில் அவரேக்காய் வரும்போது கவனமாக இருங்கள். பெயரைக் கேட்டு அவரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள், அது மொச்சை. தோலைப் பிதுக்கி எடுத்ததை "ஹிதகித பேளே" என்பார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக்காரர்கள் பிதுக்கம்பருப்பு என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். காபி குடிக்கும்போது "பை டூ" சொல்லப் பழகுங்கள், ஒரு காபியை இரண்டு தம்ளரில் ஊற்றித் தருவார்கள். அந்தப் பாதிக் காபியை நின்றபடி குடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசுவதும் இந்த ஊர்ப் பாரம்பரியம்தான்.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பல வருடம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டதும், அதே மாதம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞர் சிலை திறக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலை அந்தப் பக்கத்து அலுவலகங்களில் வேலை பார்க்கும் தமிழர்களே பார்த்திருக்கமாட்டார்கள். மேம்பாலத்திலிருந்து நடக்கிற தூரம். அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, ஊர்ப் பெயர் தொம்பலூர் என்று. அதே போல பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் சுமார் 890-ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு ஒன்று "பெங்களூரு" போரைச் சொல்கிறது. வெந்த பயறு கொடுத்த கிழவியால் வந்த பெயர் என்ற கதையை அதற்கப்புறம் யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம். கல்வெட்டின் மேல் சாக்பீஸ் பூசிப் படம் எடுக்காதீர்கள், கல் கெடும். காலைச் சாய்ந்த வெயிலில் போனால் எழுத்து தானாகவே தெரியும். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் எப்படியும் காலையில்தான் போயாக வேண்டும்.