தளம் மெதுவாகத் திறக்கிறதா? சர்வரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

புதிதாக இணையதளம் செய்பவர்கள் "ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?" என்று தங்கள் தளங்களைக் காட்டும்போது, நான் முன்பு செய்த தவறுகளையே அவற்றில் பார்க்கிறேன். படத்தைச் சுருக்கிப் போடச் சொல்லி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

எல்லாப் படத்துக்கும் லேஸி லோடிங்

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பக்கத்தில் கீழே இருக்கும் படங்களை, வாசகர் அருகே வரும்போது மட்டும் இறக்கும் வசதி இது. நல்ல வசதிதான். ஆனால் பக்கம் திறந்ததும் கண்ணில் படும் பெரிய படத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

சாதாரணமாக, எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லும் கோப்பு) வரும்போதே பிரவுசர் அதில் முன்னால் ஓடிப்போய்ப் படங்களின் முகவரியைக் கண்டு இறக்கத் தொடங்கிவிடும். லேஸி என்று எழுதிவிட்டால், படம் திரையில் எங்கே அமையும் என்று தெரியும்வரை காத்திருக்கும். அது தெரிய, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பான சிஎஸ்எஸ் வந்து சேர வேண்டும். லேஸி லோடிங்கை ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு செய்தால் இன்னும் மோசம். ஸ்கிரிப்ட் இறங்கி ஓடிய பிறகுதான் படத்தையே கேட்கும்.

ஒரு வாடிக்கையாளரின் தளத்தில் நான் இதைத்தான் செய்தேன். சர்வர்தான் காரணம் என்று முடிவுகட்டி, பெரிய சர்வருக்கு மாறச் சொன்னேன். அவர் பணம் கட்டினார், ஆனால் படம் பழையபடி தாமதமாகவே வந்தது. அப்புறம்தான் டெவ்டூல்ஸில் (பிரவுசரிலேயே இருக்கும் சோதனைக் கருவி) நெட்வொர்க் பகுதியைத் திறந்தேன். சர்வர் உடனே பதில் தந்திருந்தது. முகப்புப் படம் இறங்கும் நேரத்தைக் காட்டும் கோடு மட்டும் மற்றவற்றுக்குப் பின்னால் தொடங்கியிருந்தது. அந்த லேஸியை அழித்ததும் சரியானது. என் ஊகத்துக்கு அவர் பணம் செலவானது இன்னும் உறுத்துகிறது.

முதல் படத்தில் லேஸி வேண்டாம். பதிலாக, இதை முன்னுரிமையோடு இறக்கு என்று பிரவுசருக்குச் சொல்லும் ஃபெட்ச்பிரயாரிட்டி ஹை (fetchpriority="high") என்று கொடுங்கள். சிஎஸ்எஸ் பின்னணியாக வைத்தாலும் படம் தாமதமாகத்தான் கண்ணில் படும் என்பதால், அதை எச்டிஎம்எல்லிலேயே வையுங்கள். திரையில் தெரியும் மிகப் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

படத்தின் அகலம், உயரம் எழுதாமல் விடுவது

எழுதுங்கள். படம் வந்ததும் எழுத்துகள் கீழே குதிக்காது.

பெயர் மாற்றாமல் நீண்ட கேஷ்

கேஷ் என்பது பிரவுசர் ஒரு கோப்பைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்துவது. சிஎஸ்எஸ் கோப்புக்கு ஓராண்டு, அதாவது 3,15,36,000 நொடி கேஷ் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கோப்பின் பெயர் மாற வேண்டும். மாறாவிட்டால், முன்பு வந்தவர்களுக்குப் பழைய வடிவமே தெரியும்.

யாரும் பார்க்காத, வேறு தளங்களிலிருந்து வரும் ஸ்கிரிப்டுகள்

நீக்குங்கள்.

சொந்தக் கணினியில் மட்டும் சோதிப்பது

உங்கள் பிரவுசரில் பாதிக் கோப்புகள் ஏற்கெனவே கேஷில் இருக்கும். டெவ்டூல்ஸில் கேஷை அணைத்து, நெட்வொர்க்கை ஸ்லோ 4ஜிக்கு மாற்றி, பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள்.