கங்காணி இல்லாத கூட்டம்: திரள் ரோபோ ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பிறகும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே நம் வாயில் வரும் இந்தத் தோட்டப்புற நகரத்தில், காலைப் பெரட்டு அணிவகுப்பில் பெயர் வாசித்து ஆளுக்கொரு நிரையைப் பிரித்துக் கொடுத்த கங்காணியை அறியாத குடும்பம் குறைவு. அதனாலோ என்னவோ, தலைமை ஏதுமின்றி, அண்டையில் இருப்பவற்றைக் கவனித்தே கூட்டமாக இயங்கும் திரள் ரோபோக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் நம் மாணவர்கள் அந்தக் கூட்டத்துக்குள்ளும் ஒரு கங்காணியைத் தேடுகிறார்கள். கோல சிலாங்கூர் ஆற்றங்கரையில், பெரெம்பாங் மர இலைகளில் அமர்ந்து ஒரே தாளத்தில் ஒளிரும் ஆண் மின்மினிகளுக்குத் தாளம் போடுபவர் எவருமில்லை. அண்டை ஒளியைக் கண்டு ஒவ்வொன்றும் தன் துடிப்பைச் சற்றே மாற்றிக்கொள்கிறது.

விழா வானில் உருவம் வரையும் டிரோன்களைத் திரள் நடத்தைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதும் பிழையே. பொதுவாக அவற்றின் பாதைகள் முன்கூட்டியே கணினியில் வகுக்கப்பட்டவை.

கணினிப் பாவனையில் (simulation) ஓடியதைக் கொண்டே முடிவுக்கு வருவது இன்னும் பெரிய தவறு. ஹார்வர்டில் கிலோபாட் என்னும் 1024 சிறு ரோபோக்கள் கூடி உருவங்கள் அமைத்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. 33 மில்லிமீட்டர் அகலமே உள்ள கிலோபாட்டுக்குச் சக்கரம் கிடையாது; விறைப்பான மூன்று கம்பிக் கால்களில் நின்று, அதிர்ந்து அதிர்ந்தே நகரும். நேர்கோடு அதற்குக் கைவராது. வழியில் சில கிலோபாட்கள் சிக்கிக்கொள்ளும், ஓர் உருவம் முடிய ஏறக்குறைய 12 மணி நேரம் பிடிக்கும். அங்கேயும் தொடக்கப் புள்ளியைக் காட்ட நான்கு ரோபோக்களை மனிதரே வைத்தனர், அமைக்கவேண்டிய வடிவத்தையும் எல்லா ரோபோக்களுக்கும் முன்கூட்டியே கொடுத்தனர் என்பதை மறந்துவிட்டு, 'தானாக' என்ற சொல்லை மிகைப்படுத்தக் கூடாது.

எண்ணிக்கை கூடினால் பழுது பாதிக்காது என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. முற்றிலும் செயலிழந்த ரோபோ வெறும் தடைக்கல். மற்றவை சுற்றிப் போய்விடும். சக்கரம் நின்று, சமிக்ஞை மட்டும் உயிரோடிருக்கும் ரோபோவோ கூட்டத்தையே நங்கூரமிட்டதுபோல் பிடித்து வைக்கும். ஏனெனில் விலகாதே என்ற விதிப்படி நடக்கும் மற்றவை அதையும் கூட்டாளியாகவே எண்ணி அங்கேயே சுற்றும். பெயர்க்னஸ், வின்ஃபீல்டு என்ற ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, திரள் பெருகப் பெருக நம்பகத்தன்மை குறையவும் கூடும் என்று காட்டினர்.

பழுதான ரோபோவைக் கண்டறிய 2009இல் கிறிஸ்டென்சன், ஓக்ரேடி, டோரிகோ ஆகிய ஆய்வாளர்கள் மின்மினிகளிடமிருந்தே வழி கண்டனர். ரோபோக்கள் ஒத்திசைந்து ஒளிரும். ஒளிராமல் போனதைப் பழுதென அண்டையவை அறியும். சக்கரம் மட்டும் நின்றுபோன ரோபோ, தன் பழுதைத் தானே உணர்ந்து விளக்கை அணைத்தால்தான் இந்த வழி அதற்கும் பொருந்தும்.